மை ஒற்றும் தாளில் ரத்தப் பொட்டுகள்

முறைக்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் என் கணவரைக் குலுக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இராஜபாளையத்தில் அப்போது வீட்டுக்கு ஒருவர் அப்படிக் கிடந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைவாய்ப் பல்வலியும் சேர்ந்துகொள்ள, காய்ச்சல் வராத நாளாகப் பார்த்துப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். நல்ல நாள் பார்த்த லட்சணம், மறுநாள் விடிந்தும் ரத்தம் நிற்கவில்லை.

நூல் மில்லில் வேலை பார்க்கிறவர் வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்? கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்தார்கள். நனைந்ததை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பதும், அது நனைந்ததும் எடுப்பதுமாக எல்லாரும் மும்முரமாக இருந்தோம். அவர் முகமோ வெளுத்துக்கொண்டே வந்தது. ஆள் தங்கமாட்டாரோ என்று பயந்து, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் வாயைப் பார்த்த கையோடு காது மடலில் ஊசியால் குத்தினார். வாயில் ஒழுகுவது போதாதா என்று எனக்கு எரிச்சல். கசிந்த ரத்தத்தை மை ஒற்றும் தாளில் விட்டு விட்டு ஒற்றினார். பொட்டுகள் ஒரே அளவில் வரிசையாக விழுந்தன. நல்ல உடம்பென்றால் சிறுத்துக்கொண்டே போய் நின்றுவிடும் என்றார். எனக்கும் குத்திப் பாருங்கள் என்று காதைக் காட்டினேன். என்னுடையது கடுகாகிக் காணாமல் போனது. அத்தனை பயத்திலும் அதை வேடிக்கை பார்க்கத்தான் தோன்றியது.

இந்த மலேரியாக் காய்ச்சல் சிலருக்கு ரத்தம் உறைவதையே கெடுத்துவிடுகிறது, ஏன் என்று முழுதாகத் தெரியவில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"உறையிற கொஞ்சத்தையும் நீங்க பஞ்சோட பிச்சு எடுத்திருக்கீங்கம்மா."

சுருக்கென்றது. புதுப் பஞ்சை மடித்து வைத்து அழுத்திக் கடித்திருக்கச் சொன்னார். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் கொடுத்தார். அந்தப் பஞ்சைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

குளிர்காய்ச்சல் வரவேண்டிய நாளில் வரவில்லை. அடுத்த முறைக்கும் வராமல் போன பிறகு டாக்டர் மறுபடி அவர் காதில் குத்தினார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பொட்டு முதலாவதைவிடச் சிறிசு, அடுத்தது அதையும்விட. அப்புறம் தாள் வெள்ளையாகவே இருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, குத்து வாங்குனது நானு. நீ எதுக்கு அழுவுற?" என்றார்.

பல்லைப் பிடுங்கிய பிறகு வாயில் பஞ்சில்லாமல் அவர் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.