உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் ஸஞ்சிலிப் பகுதியில் போரில் இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டியபோது, கதவு மாட்டும் தச்சர்களில் விஜ்தான் என்ற ஒருத்திதான் பெண். அவள் சுத்தியலோடு தெருவில் நடந்தால் தேநீர்க் கடை ஆண்கள் காறித் துப்புவார்கள். அவள் கணவன் விமானக் குண்டில் போனான். உடல் கிடைக்கவில்லை; மரணச் சான்றிதழும் இல்லை. அதனால் விதிப்படி மனைவி பெயரில் எழுத முடியாமல், அவர்களுடைய வீடு கணவனின் அண்ணன் கானிம் பெயரில் பயனாளிகள் பட்டியலில் ஏறியது. ஏற்றியவள் நான், வீடு கட்டும் திட்டத்தின் களப் பணியாளர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, விதிகள் தெரிந்தவள்.

போன குளிர்காலத்தில் கானிம் அவள் மணிக்கட்டை உடைத்தான். காவல் நிலையத்தில் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளச் சொன்னார்கள்.

முப்பத்திரண்டு வீடுகளுக்குக் கதவு மாட்டினாள். ஆண்கள் நகர்ந்ததும் அந்தந்த வீட்டுப் பெண்கள் மெல்ல வந்து, "என் அறைக்கு உள்பக்கமும் ஒரு தாழ்ப்பா போட்டுடுக்கா" என்பார்கள். வரைபடத்தில் அது கிடையாது. போடுவாள். நானும் பார்க்காததுபோல் இருப்பேன். அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்துமூன்றாவது அவளுடைய வீடு. தன் அறைக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டாள்.

பார்வையிட வந்த கானிம் அதை இழுத்துப் பார்த்தான்.

"என் வீட்டுல எனக்கே கதவச் சாத்துவாளா?" என்றான். என் பக்கம் திரும்பி, "படிச்சவ கையில டேப்பு, இவ கையில சுத்தியல். நாங்க என்ன, தொட்டில் ஆட்டவா? அதக் கழட்டினாத்தான் வீட்ட வாங்கிக்க நான் கையெழுத்துப் போடுவேன்."

பொறியாளர் நஷ்வானிடம் போனேன். வியாழக்கிழமை சாவி கொடுக்கும் விழா. துளைக் கருவியோடு விஜ்தான் சிரிக்கும் படம் ஆளுயரத்தில் தயாராக இருந்தது. கீழே, ‘நகரைக் கட்டும் பெண்கள்’.

"ஒரு தாழ்ப்பாளுக்காக விழாவ நிறுத்தணுமா?" என்றார். "நீ பொண்ணு, நீயே அவகிட்ட பக்குவமா சொல்லு."

சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன்.

"உன் ஃபாரத்துல இதுக்குக் கட்டம் இருக்கா?" என்றாள்.

"இல்லக்கா."

"அப்ப எனக்கு என்ன ஆனாலும் எழுத எடமில்ல." திருப்புளியை எடுத்து நான்கு திருகுகளையும் அவளே கழற்றினாள். ‘பணி நிறைவு’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வேலையை விட்டிருக்கலாம். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

விழாவில் அவள் படத்துக்குக் கீழே நின்று கானிம் சாவி வாங்கினான். கைதட்டினார்கள். நானும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தாள். மேலுதடு கிழிந்திருந்தது. நஷ்வான் பார்த்துவிட்டு, கைபேசியில் பேசியபடி வெளியே போனார்.

"அக்கா..." என்றேன்.

"கேட்காத. அடுத்த வீட்டு நம்பர மட்டும் சொல்லு."

சொன்னேன்.