இடது பக்கத்து ராடு

பித்தளையைத் தேய்ப்பதில் எங்கள் ஷெட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் ஒரு நல்ல இன்ஜினைக் காயலான் கடை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது.

புதுக்கோட்டை சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்த வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே குவாரி ஜல்லியை ஏற்றிப்போகும் சைடிங்கில், அதாவது கிளை ரயில் பாதையில், பிட்டர் வேலை. ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு சின்ன நீராவி இன்ஜின்கள் இருந்தன. நான் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனால் ஆயுத பூஜை வந்தால் புளியும் செங்கல் பொடியும் என் கைக்குத்தான் வரும். இன்ஜினின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. செய்த கம்பெனி, நம்பர், வருஷம் எல்லாம் அதில்தான். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு அதைத் தேய்ப்பேன். வருஷா வருஷம் தேய்த்ததில் எழுத்தும் சேர்ந்து தேய்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, பாராட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

அறுபதுகளில் ஒரு கடிதம் வந்தது. ரயில்வேக்கு மியூசியம் அமைக்கப்போகிறார்கள், பழைய இன்ஜின்களைத் தேடுகிறார்கள், பட்டியலில் எங்களுடையதும் இருக்கிறது என்று. இரண்டில் ஒன்று இனி ஓடாது என்று எப்போதோ கண்டமாகி, வெட்டி எடைக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்ததைப் பார்க்க ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். ஒரு மாதம் மாடாக உழைத்தேன். துருவைச் சுரண்டி, கசிந்த குழாய்களை மாற்றி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, நீராவி ஏற்றி ஓட்டியும் பார்த்துவிட்டேன். கல்யாணப் பெண்ணைப்போல நின்றது.

அதிகாரி வந்தார். தகட்டைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்படியானால் சைடு ராடில் நம்பர் குத்தியிருக்குமே என்று குனிந்தார். சைடு ராடு என்பது ஒரு பக்கத்துச் சக்கரங்களை ஒன்றாக இழுக்கும் நீளமான இரும்புத் தண்டு. இடது பக்கத்தில் இருந்த நம்பரை எங்கள் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தவர், இது வெட்டிப்போட்ட இன்ஜினுடைய நம்பர், உங்கள் கணக்கே குழப்பம், எது எதுவென்று தெரியாத இன்ஜினை மியூசியத்தில் வைக்க முடியாது என்றார். பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் அடுத்த வாரமே கேஸ் வைத்து இரும்பு வெட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

அந்த ராடை மாட்டியவனே நான்தான். ஒருமுறை தடம் புரண்டதில் இதன் ராடு வளைந்துபோக, கண்டமாகி நின்ற மற்றதிலிருந்து கழற்றி மாட்டினேன். ஜல்லி வேகன்கள் காத்து நின்றன. மேலிடத்தில் கேட்கவும் இல்லை, புத்தகத்தில் எழுதவும் இல்லை. எங்கள் ஷெட்டில் அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் வெளியே தெரிந்தால் குற்றம். பக்கத்தில் நின்ற போர்மேனுக்கும் விஷயம் தெரியும். என் காதோரம் வந்தார்.

"சும்மா இருங்க. வாயைத் தொறந்தீங்கன்னா ஒங்க தலையிலதான் விடியும்."

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. தகட்டைத் தேய்த்து அழித்ததும் நான், மாற்றியதை மறைத்ததும் நான். வெட்டுப்பட மட்டும் அந்த இன்ஜினா?

"அய்யா, இடது பக்கம் நான் மாத்துனது. புக்குல எழுதாதது என் தப்பு. அங்கிட்டு வந்து வலது பக்கத்தைப் பாருங்க, அதுதான் இதோட சொந்த ராடு."

வலது ராடின் முனையில் பல வருஷத்துக் கிரீஸும் சந்தனமும் குங்குமமும் பெயிண்டும் அப்பியிருந்தன. ஒரு மாதம் வேலை பார்த்த நான், அதைச் சுரண்டாமல் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டினேன். என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நம்பர் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதிகாரி பதிவேட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பட்டியலில் இன்ஜின் நிலைத்தது.

இரண்டு வாரத்தில் எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் உறுப்பை மாற்றியதற்கும் அதைப் பதியாததற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். எந்த இன்ஜினிலிருந்து, எதற்காக, எப்படிக் கழற்றினேன் என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். சர்வீஸ் புத்தகத்தில் கண்டனம் ஏறியது. போர்மேன் என்னைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்பதுபோல் சிரித்தார்.

இன்ஜின் கிளம்புவதற்குமுன் அதே அதிகாரியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அந்த மெமோவும் என் விளக்கமும் நகலெடுக்கப்பட்டு இன்ஜினின் கோப்பில் சேர வேண்டுமாம். இடது ராடு எங்கிருந்து வந்தது என்று சொல்ல உலகத்தில் வேறு காகிதமே இல்லையாம். இந்தத் தடவை போர்மேன் சிரிக்கவில்லை.

வழியனுப்பும் நாளில் மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வழக்கம்போல் என்னிடம் புளியை நீட்டினார்கள். எல்லாப் பித்தளையையும் தேய்த்தேன். அந்தத் தகட்டை மட்டும் தொடவில்லை.