மதிப்பெண்ணுக்காக எடுத்த பிரெஞ்சு

பிரெஞ்சு இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். முதல் வகுப்பே நிரம்பி வழிந்தது. மலையில் இலக்கியத்துக்கு இத்தனை ரசிகர்களா என்று மிதந்தேன். தமிழைவிட பிரெஞ்சில் மதிப்பெண் அள்ளலாம் என்று வந்த கூட்டம் அது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு மாணவி மட்டும் தேர்வுக்கு வராத கவிதைகளையும் கேட்டு வாங்கிப் படித்தாள். அவளை நம்பித்தான் நான் பாடமே தயாரித்தேன்.

ஒருநாள் அவளுடைய அப்பா வந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். பி.காம். முடித்ததும் பிரெஞ்சு எம்.ஏ. படிக்கப் போவதாக மகள் வீட்டில் சொல்லிவிட்டாளாம். உடனே அவளைத் தமிழ் வகுப்புக்கு மாற்றிவிட வேண்டும் என்றார்.

“மார்க்குக்குன்னுதான சார் எடுக்கச் சொன்னேன்! இதப் படிச்சா என்ன சோலிங்க கெடைக்கும்?”

“இந்த வேலைதாங்க,” என்றேன் நிமிர்ந்து உட்கார்ந்து.

அவர் என் சட்டைக் காலரைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த, கைப்பிடி உடைந்த நாற்காலியைப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

“அப்ப இங்கயே இருக்கட்டும் சார். தெனமும் உங்களப் பாத்தாலே போதும், வெரசா புத்தி வந்துரும்.”

மாணவியைத் தக்கவைத்துக்கொண்ட மகிழ்ச்சியில் அவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.