சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டவனும் சீனப் பேரரசின் விதியும்

செகந்திராபாத் பக்கத்தில் எங்கள் மல்காஜ்கிரி தமிழ்ச் சங்கத்தில் இந்த மாதம் நான் பேச வேண்டும். தலைப்பு, சீனத்தின் சுவான்சோ. பேரரசுக் காலத்தில் நம் கலெக்டர் ஆளும் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு, பெரிய துறைமுகம். தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டித் தமிழில் கல்வெட்டும் வெட்டியிருக்கிறார்கள். சீனா போக எனக்கு வசதியில்லை. மூசி ஆற்றங்கரை அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான் இருக்கிறதே என்று போன சனிக்கிழமை மனைவி செல்வியுடன் கிளம்பினேன்.

அன்று இன்னொரு கவலையும் இருந்தது. பல வருடமாகக் கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டுவந்தேன். இடம் காலியாகியிருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று மாலை ஐந்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் மேலதிகாரி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செல்வி பாட்டுக்குத் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மெட்டுகுடாவில் ஒன்பதரைக்கு மெட்ரோ. பரேட் கிரவுண்டில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். வண்டியில் செல்வியிடம் படித்ததைச் சொன்னேன். அந்தக் காலத்தில் எந்த அதிகாரியையும் அவர் பிறந்த வட்டாரத்தில் நியமிக்க மாட்டார்களாம். சொந்தபந்தம் சிபாரிசுக்கு வந்து நிற்குமாம். மூன்று வருடத்துக்கொரு முறை வேறு ஊர்.

"கல்நெஞ்சக்காரனுங்க" என்றேன்.

"விவரமானவனுங்க" என்றாள் செல்வி.

அப்போது கோவையிலிருந்து தாய்மாமா அழைத்தார். முந்தின இரவே ஆர்வக்கோளாறில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"மாப்ள, நீ வந்ததும் பங்காளிகளோட வாய்க்காத் தகராறை நீதான் பேசி முடிக்கோணும்."

எம்.ஜி.பி.எஸ். நிலையத்திலிருந்து ஆட்டோ. நூறு கேட்டார், அறுபதுக்கு இறங்கினார். ஏறி உட்கார்ந்ததும் மாமாவின் இரண்டாவது அழைப்பு: "நம்ம சின்னவனுக்கு உங்க கம்பெனில ஒரு வேலை. படிப்பு பத்தாதுதான். நீ இருக்கியேன்னு சொல்லிப்போட்டேன்."

என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து டிரைவர் என்னவென்று விசாரித்தார். அரைகுறை இந்தியில் சொன்னேன். "சொந்த ஊர் நக்கோ சாப்!" என்று வேண்டாமெனக் கையாட்டிப் பதறினார். தன் மொஹல்லாவுக்குள், அதாவது சொந்தப் பேட்டைக்குள், அவர் சவாரியே எடுப்பதில்லையாம். ஏறுகிறவர்கள் எல்லாம் சாச்சா, மாமூ என்று சித்தப்பாவும் மாமாவும்தான். யாரிடம் காசு கேட்பது?

அருங்காட்சியகம் பத்து மணிக்குத் திறக்கும். நேராகச் சீனப் பகுதிக்குப் போய்விடுங்கள், மணிக்கொரு முறை பொம்மை வந்து மணியடிக்கும் கடிகாரத்தைப் பார்க்கும் கூட்டத்தில் மாட்டாதீர்கள். பால் நிறத்தில் வழவழவென்று ஒரு பீங்கான் பொம்மை நின்றது. அந்த மாதிரி வெள்ளைப் பீங்கானுக்குப் பேர்போன தேஹுவா ஊர் வெகுகாலம் சுவான்சோவின் ஆளுகையில்தான் இருந்தது. எங்கிருந்தோ வந்த அதிகாரி, பாஷை புரியாத ஊரில் வரி வசூலித்து வழக்குத் தீர்த்திருப்பார். பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் மூன்றாவது அழைப்பு.

"கும்பாபிஷேகக் கமிட்டிக்கு உன்னையத்தான் தலைவராப் போட்டிருக்கு. போஸ்டர் அடிச்சாச்சு. போட்டோவுல மீச மட்டும் நாங்களே கொஞ்சம் பெருசாக்கிட்டோம்."

அந்த அதிகாரி மேல் எனக்குப் பொறாமை வந்தது. செல்வி பொம்மையைப் பார்க்கிற சாக்கில் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னதான் சொல்றே?" என்றேன்.

"பத்து வருசமா இங்க நிம்மதியா இருக்கறனுங்க. நீங்க ஆசப்பட்டீங்களேன்னுதான் சொல்லல."

இதை அவள் முன்பே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். வெளியே வந்து இரானி டீ குடித்தோம். மூன்று மணிக்கு மேலதிகாரியை அழைத்து, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றேன். அப்பாடா என்றிருந்தது. பிறகு மாமாவிடமும், மாற்றல் கிடைக்கவில்லை என்று குரலைத் தழைத்துச் சொன்னேன்.

"அதுக்கென்ன மாப்ள, வருத்தப்படாத. உன்னால வர முடியாட்டி நாங்க வர்றோம். பங்காளிகளையும் கூட்டியாறேன், தகராறை அங்கயே பேசிக்கலாம். நீ சாமான் கட்ட ஒத்தாசையா இருக்கட்டும்னு சின்னவன் நேத்து ராத்திரியே வண்டி ஏறிட்டான். சாயங்காலம் செகந்திராபாத்துல எறங்குவான், போயிக் கூட்டிக்க."

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை. நுழைவுச்சீட்டோடு கேமராவுக்குத் தனிக் கட்டணம். அதிகாரி ஊருக்குப் போகக் கூடாது என்று விதி போட்ட பேரரசு, ஊர் அதிகாரியிடம் வராமலிருக்க என்ன விதி போட்டிருந்தது? தெரிந்தவர்கள் உடனே பின்னூட்டத்தில் எழுதுங்கள். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கிறது.