நான் சுரண்டி எடுத்த சீட்டு

வளைகுடா நாடு ஒன்றில் இருந்த ராணுவத் தளத்தின் சலவைக்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். படை வேறொரு நாட்டுடையது. மண் மட்டும்தான் வளைகுடா நாட்டுடையது. தளத்துக்கு ஆகும் செலவை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இடம், கட்டிடம், மின்சாரம், தண்ணீர், எங்கள் சம்பளம் எல்லாம் மண்ணுக்காரர் பங்கு. துவைக்கும் இயந்திரமும் சோப்புத்தூளும் படைக்காரர் பங்கு. குழப்பம் வரக் கூடாது என்று ஒவ்வொரு பொருளிலும் சீட்டு ஒட்டியிருப்பார்கள். மண்ணுக்காரருக்குப் பச்சை, படைக்காரருக்கு மஞ்சள். துடைப்பத்தில்கூடச் சீட்டு இருக்கும். எது பழுதானாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

என்னோடு துணி பிழிந்தவர் புன்னைக்காயல்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊரில் சங்கு குளித்தவர். நான் யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஒரு ஆயுத பூஜையன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஊரில் செய்வதுபோல இயந்திரங்களை எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன். சுவரோரம் நின்ற பெரிய ஏசியின் நெற்றியில் அழுக்கேறிய பச்சைச் சீட்டு இருந்தது. அதன்மேல் சந்தனம் ஒட்டவில்லை. பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

"ஏலே, ஏசிக்கும் பொட்டா? காது குத்திக் கெடா வெட்டாம விடமாட்ட போலுக்கே" என்று சிரித்தார் அவர். கழுத்தில் சிலுவை தொங்க, குங்குமத்தை அவரே குழைத்து வைத்தார். பொரியிலும் பாதியை அவர்தான் தின்றார்.

அடுத்த கோடையில் அந்த ஏசி நின்றுபோனது. படைக்காரரின் மெக்கானிக் வந்து சுற்றிப் பார்த்தார். மஞ்சள் சீட்டு இல்லை, எங்களுடையது இல்லை என்று போய்விட்டார். மண்ணுக்காரரின் ஆள் வந்தார். பச்சைச் சீட்டு இல்லை, நாங்கள் தொட மாட்டோம் என்றார். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். சலவைக்கூடத்தில் நீராவி வேறு. சுவரைத் தொட்டால் கை சுடும்.

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "இதுல என்ன கலர் சீட்டு இருந்துச்சு? யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு நன்றாக நினைவு இருந்தது. ஆனால், சீட்டைக் கிழித்தவனை அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கடலுக்குள்ள மூச்சப் பிடிச்சவனுக்கு இங்கன மூச்சு முட்டுதுலே" என்று புன்னைக்காயல்காரர் சொன்னது ஏழாம் நாள். ஒன்பதாம் நாள் காலை, ஈரப் போர்வையைக் கையில் பிடித்தபடியே விழுந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன ஒரு மணி நேரத்தில் ஏசி ஓடியது. யார் பங்கு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என யாரோ பெரிய அதிகாரி சொன்னாராம். மறுநாள் அதில் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன.

வெப்பத்தில் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கே துணி துவைத்தேன்.

திரும்பி வந்து மாப்பிள்ளையூரணியில் இஸ்திரிக் கடை போட்ட பிறகும், அவரைப் பார்க்கப் போக எனக்குப் பல மாதம் ஆயிற்று. இந்தப் பங்குனியில்தான் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. ஒரு கையில் ஊசி போட்ட இடமெல்லாம் தடித்துக் கிடந்தது. உட்காரக்கூடச் செய்யாமல், "அண்ணாச்சி, அந்தச் சீட்டு பச்சை. நாந்தான் சுரண்டினேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"தெரியும்லே. பக்கத்துலதான நின்னேன்."

"அப்போ நீங்களாவது சொல்லிருக்கலாமே."

"சொன்னா ஒன்னத்தான அனுப்புவான். நீயே சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஒம்போது நாளும் பாத்தேன்."

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்வார் என நினைத்திருந்தேன் போல. சொல்லவில்லை.

கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார். "செவ்வாயும் வெள்ளியும் தூத்துக்குடி ஆஸ்பத்திரில ரத்தம் சுத்தம் பண்ணணும். செவ்வாக்கெழம எம் மவன் வாரான். வெள்ளிக்கு ஆளில்ல."

"நான் வாரேன்."

"நாலு மணி நேரம் ஆவும். அங்கனயே உக்காந்து கெடக்கணும்."

"உக்காருதேன்."

வெள்ளிக்கிழமைகளில் இப்போது கடை திறப்பதில்லை. காலையில் ஆத்தூர் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் புன்னைக்காயல் போய் அவரை அழைத்து வருகிறேன். வழியில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் அந்த அறையில் ஏசி நன்றாக ஓடும். அவருக்குக் குளிரும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் போர்வையை நான் போர்த்திவிடுவேன்.