குழை கட்டிய பாறை

நானும் சுதனும் பூவரசங்குளத்துக்கு அப்பால் உள்ள குளக்கரைப் பாறைக்குப் போனது மாசிக் கடைசியில். அடுத்த கிழமை அவன் கனடாவுக்குப் போக இருந்தான். அந்தப் பாறையில் ஏற முன்பு இரண்டு தடவை முயன்று, நடுவில் வெளியே துருத்தி நிற்கும் இடத்தில் தோற்றுத் திரும்பியிருந்தோம். போவதற்குள் உச்சியில் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. என்னுடையதும்தான்.

வவுனியாவில் காலை ஆறரைக்கு மன்னார் பஸ். பூவரசங்குளத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். அதற்குப் பிறகு இரண்டு கிலோமீற்றர் காட்டுப் பாதை, நடைதான். பாதைத் தொடக்கத்தில் குறுக்கே ஒரு கயிறு, அதில் இலைக்கொத்தோடு முறித்த குழைகள். வன்னியில் காட்டுக்குள் நுழைகிறவர்கள் ஐயனாருக்குக் குழை முறித்துத் தொங்கவிடுவது வழக்கம். நாங்களும் ஆளுக்கொரு குழை முறித்து, பக்தியோடு அதே கயிற்றில் தொங்கவிட்டு, குனிந்து உள்ளே போனோம். பாதையை மூடத்தான் கயிறு கட்டியிருக்கிறார்கள், அது கண்ணில் படத்தான் குழை என்பது இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை.

பாறையடியில் சுதன் ஏறுவதற்கான கயிற்றை இடுப்பில் கட்டி முடித்தபோது, பாறை விளிம்பிலிருந்து பெரிய மீன் ஆந்தை ஒன்று எழும்பிப் பறந்தது. பக்கத்து வயற்காரி ராணி அக்கா கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"தம்பியவை, கயிறு கட்டிக் கிடந்தது கண்ணுக்குத் தெரியேல்லையோ? மேல முட்டை கிடக்குது. போன வருசமும் இப்பிடித்தான் ஆக்கள் ஏற, தாய் பறந்திட்டுது. காகம் முட்டையைக் கொத்திப்போட்டுது. அதுதான் ஊராக்கள் மூடினவை."

"ஐயனாருக்குக் கட்டினதெண்டு நினைச்சம் அக்கா."

கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வைகாசியில வாங்கோ. குஞ்சு பறந்திடும். பிறகு ஆரும் மறிக்கமாட்டினம்."

வைகாசியில் சுதன் எங்கே? 'கெதியா ஒருக்கா ஏறி இறங்குறம்' என்ற கெஞ்சல் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

"வா மச்சான், அது திரும்பி வரட்டும்."

தூரத்தில் ஒரு பாலை மரத்தடியில் நின்றோம். ஆந்தை வந்து விளிம்பில் இறங்கிய பிறகுதான் நடந்தோம். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

வைகாசியில் நான் மட்டும் போனேன். கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். "மற்றத் தம்பி எங்க?" என்றார் ராணி அக்கா. சொன்னேன். பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழியிலிருந்து சித்திரை வரை இந்தப் பாறையை மறந்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் வயலில் நிற்பவர்களிடம் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். வழியில் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஒருவரையும்.