மேனிஃபோல்டு ஆறும் வரை

டர்போ வைத்த கார்களைப் பழுது பார்க்கும் தொழிலில், எதையும் தொடுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காரத் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்தத் தொழிலில் கூடமாட நிற்கிற என் பாடு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக ஓடுகிற உங்களுக்கெல்லாம் சொல்லாமலே புரியும்.

எங்கள் ஷெட் திருத்தணியில், மலைக்குப் போகிற சாலை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோயிலுக்கு ஏறி இறங்குகிற கார், கருகல் வாசனை வந்தால் முதலில் எங்கள் வாசலில்தான் நிற்கும். நான் படித்தது ஏழாவது. ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டுத் தறிக்கு ஊடைநூலைத் தாரில் சுற்ற ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் காரைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் பயத்தில் கற்றுக்கொண்டது.

முதலில் கற்றுக்கொண்டது மேனிஃபோல்டு. எஞ்சினுக்குள் எரிந்த புகை எல்லாம் ஒன்றுசேர்ந்து வெளியே வருகிற வார்ப்பிரும்புக் குழாய் அது. அந்தப் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை ஊதுகிற டர்போ அதை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். மலை ஏறிய வண்டியில் அது என்ன சூட்டில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. துருப்பிடித்த பழைய சாமான் மாதிரி சாதுவாக இருக்கும். தொட்டவருக்குத்தான் தெரியும். தொட்டும் தெரியாத ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார்.

ஒயர் வாசனை

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கால் மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செருப்பில் முள் இருக்கிறதா, பாதத்தில் கீறல் இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிடுவேன். கைவிரல்களும் மரத்துப்போய்க்கொண்டிருந்ததை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பேனர் பிடிக்கிற கையைப் பற்றி எந்த மெக்கானிக் வெளியே சொல்லுவார்?

ஒரு நாள் மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மலையில் கூட்டம் எப்படி என்று வண்டிக்காரரிடம் கதை பேசிக்கொண்டே, பானெட்டுக்குள் தலையை விட்டு வலது கையால் எதையோ திருகிக்கொண்டிருந்தார். இடது கையை ஊன்றியிருந்தார். எங்கே ஊன்றியிருக்கிறார் என்று நான் பார்ப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடி, சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு விரல், உள்ளங்கையில் ஒரு ஓரம்.

ஆறுவதற்கு இரண்டரை மாதம் ஆனது. டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இன்னொரு வாட்டி இப்படி ஆனா விரலை எடுக்க வேண்டி வரும்மா" என்றார். அன்றைக்கே முடிவு செய்து, மறுநாளிலிருந்து ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஆனால் டாக்டர் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு பயம் தரவில்லை. கை தீய்ந்துகொண்டிருந்தபோது இந்த மனுஷர் மூக்கை உறிஞ்சி, பேட்டரிப் பக்கம் எட்டிப் பார்த்து, நிதானமாகச் சொன்னாரே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது:

"சுலோ, ஏதோ ஒயரு கருகுது பாரு."

தோசைக்கல்

கையுறை வாங்கிக் கொடுத்தேன். போல்ட்டு கைக்குத் தெரியவில்லை என்று கழற்றிப் போட்டார். சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்று வாங்கினோம். அது காட்டுகிற டிகிரியை அவர் என்னிடம் சொல்ல மாட்டார், "ஆறிடுச்சு, ஆறிடுச்சு" என்று மட்டும் சொல்லுவார். கடைசியில் எனக்குத் தெரிந்த வழிக்கே வந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர், நான்கு விரல். தோசைக்கல்லில் தெளிக்கிற மாதிரி ஒரே ஒரு சொட்டு. சொட்டு உருண்டு ஓடினால் கிட்டேயே போகக் கூடாது. சுர்ரென்று காணாமல் போனால் இன்னும் அரை மணி. படர்ந்து மெதுவாகக் காய்ந்தால் கால் மணி. அப்படியே சொட்டாக நின்றால் தொடலாம். நான் சொல்லாமல் அவர் கை உள்ளே போகக் கூடாது. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

திருப்பதி போகிற அவசரத்தில் ஒருவர் இதை நாலைந்து தடவை பார்த்தார். பொறுக்க முடியாமல் காரிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து மேனிஃபோல்டு மேலே சாய்த்தார். பாய்ந்து போய் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். காய்ந்திருக்கிற வார்ப்பிரும்பில் மொத்தமாகத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், அப்புறம் திருப்பதிக்குப் பஸ்தான் என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். அந்த ஆள் பாட்டிலை மூடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏங்க்கா, நீங்க தெளிச்சா வைத்தியம், நான் ஊத்துனா கொலையா?"

கோழிக்கு நிழல்

மேனிஃபோல்டு மேலே ஒரு மெல்லிய தகரக் கவசம் இருக்கும். சூடு பக்கத்து ஒயர்களுக்கும் ரப்பர் ஹோஸ்களுக்கும் போகாமல் அதுதான் தடுக்கும். போல்ட்டு துருப்பிடித்து அறுந்தால் அது கடகடவென்று ஆடும். கனகம்மாசத்திரத்துக்காரர் ஒருவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. தானே கழற்றிவிட்டார். பத்து நாளில் பக்கத்திலிருந்த ஒயர் எல்லாம் பாகாக உருகி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

தகரம் எங்கே என்று கேட்டால் மேலும் கீழும் பார்த்தார். வீட்டில்தான் இருக்கிறதாம், ஆனால் எடுக்க முடியாதாம். வயலுக்குப் போகிறவர், நல்ல மனுஷர், பொய் சொல்ல வரவில்லை.

"அது வளைவா இருந்துதா, கவுத்து வெச்சிட்டேன் மேஸ்திரி. அதுங்கீழதான் கோழி அடைக்கு உக்காந்துகினு கீது. இன்னும் எட்டு நாளு பொறுத்துக்கோங்க."

மஞ்சள் துணி

புது வண்டி வாங்கினால் நேராக மலைக்குக் கொண்டுவந்து பூஜை போடுவது இங்கே வழக்கம். எலுமிச்சம்பழம், மாலை, சூடம் எல்லாம் எஞ்சினுக்கு வெளியே இருக்கிற வரைக்கும் எங்களுக்கு வேலை இல்லை. ஒரு நாள் காலையில், பத்து நாள்கூட ஓடாத கார் ஒன்று பானெட் இடுக்கில் புகையோடு வந்து நின்றது. நகரிப் பக்கத்துக் குடும்பம். ஓட்டி வந்த மருமகன் வெளிறிப்போயிருந்தார். பின் சீட்டிலிருந்த மாமியார் இறங்கவே இல்லை.

நான் சொட்டு விட்டுப் பார்த்து, காத்திருந்து, சரி என்ற பிறகு என் வீட்டுக்காரர் இடுக்கியால் எடுத்தார். கவசத்தின் ஓரத்தில் கட்டிய மஞ்சள் துணியில் பாதி கரியாகியிருந்தது. அதற்குள் ஒரு ரூபாய்க் காசு. வண்டியில் போகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அந்த அம்மாதான் வேண்டி முடிந்து, யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கிறார்கள். துணி கருகியதைப் பார்த்ததும் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். கெட்ட சகுனம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது. நானும் அப்படித்தான் நினைக்கிறவள்.

என் வீட்டுக்காரர் காசைத் துடைத்து, என்னிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகு அந்த அம்மா கையில் வைத்தார். "எவ்ளோ சூட்டுல கெடந்துது பாருங்க. துணிதான் போச்சு, காசு அப்படியே கீது. ஒண்ணும் ஆவலம்மா" என்றார். நான் என் பையிலிருந்து மஞ்சள் தடவிய துணி கிழித்துக் கொடுத்து, ஸ்டியரிங் கீழே கட்டுங்கள், அங்கே சூடு வராது என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருமகன் காதில் விழாமல் என்னிடம் குனிந்து சொன்னார்கள்:

"ஆங், அங்க கட்னா இவரு பாத்துடுவாரும்மா. அதுக்குத்தான உள்ள கட்னேன்!"

யார் கை

அரக்கோணத்திலிருந்து ஒரு தம்பி வருவார். ரயில்வேயில் வேலை, காரில் உயிர். டர்போவிலிருந்து கீழே இறங்குகிற குழாய்க்குச் சூடு தடுக்கிற பட்டை சுற்ற வேண்டும் என்று கண்ணாடி நாரில் செய்த பட்டை ஒரு சுருள் வாங்கி வந்தார். மேனிஃபோல்டுக்கும் சேர்த்துச் சுற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வார்ப்பிரும்பைப் போர்த்தினால் சூடு அதற்குள்ளேயே நின்று வெடிப்பு விடும், குழாய்க்கு மட்டும் போதும் என்று சொல்லி, குழாயைக் கழற்றி வைத்துச் சுற்றிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் பட்டை தளர்ந்து, காலில் அவிழ்ந்த கட்டுத்துணி மாதிரி தொங்கிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது.

இருபத்தைந்து வருஷத்தில் அவர் செய்த வேலை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பட்டை எவ்வளவு இழுவையில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அவர் விரலுக்குத் தெரியவில்லை. பட்டையே மட்டமான சரக்கு என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டேன். அந்த நார் தோலில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும். பட்டையை வாளித் தண்ணீரில் நனைத்து, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றினேன். ஈரத்தில் சுற்றினால் காயும்போது இறுகும் என்று அவர் எப்போதோ சொன்னதுதான். இழுவை மட்டும் எனக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும். தாரில் நூல் தளர்ந்தால் எங்கள் வீட்டில் அடி விழும். கம்பிப் பட்டி போட்டு இறுக்கி முடித்தேன். அன்றும் மறுநாளும் வீட்டில் அவர் எனக்கு முதுகைக் காட்டியே சாப்பிட்டார். ஏன் கை வைத்தோம், மனுஷரை முடமாக்கிவிட்டோமே என்று நான் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தம்பி இனிப்போடு வந்தார். பட்டை இம்மியும் அசையவில்லையாம். "மேஸ்திரி, இந்த வாட்டி உங்க கை செம இறுக்கம்" என்று என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். நான் வாளியைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அந்தப் பாராட்டை என் வீட்டுக்காரரே வாங்கிக்கொண்டிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அவர் இனிப்பு டப்பாவை வாங்கி, அப்படியே என் பக்கம் நீட்டினார்.

"என் கை இல்லப்பா. தோ, அவ கை."

சிவப்புக் கார்

போன மாதம் ஆர்.கே.பேட்டையில் என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். போகாமல் இருக்க முடியாது. மாலை வரைக்கும் எந்த வண்டியும் திறக்கக் கூடாது என்று சொன்னேன். "ஆங், ஆங்" என்றார். ஒரு ஆங் என்றால் சம்மதம். இரண்டு ஆங் என்றால் காதிலேயே விழவில்லை என்று அர்த்தம்.

பதினொரு மணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பதினொன்றேகாலுக்கும் எடுக்கவில்லை. பக்கத்து டீக்கடை அம்மாவைக் கூப்பிட்டால், "ஒரு சிவப்பு காரு பானெட்ட தெறந்துகினு நிக்குது, உன் வூட்டுக்காரரு பக்கத்துலதான் கீறாரு" என்றார்கள். பந்தியில் இலை போட்டாகிவிட்டது. நான் எழுந்துவிட்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டவுன் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆள் ஏற்றியது. எந்த விரல், எந்த ஆஸ்பத்திரி, இந்நேரம் கை எப்படி இருக்கும் என்று, ஷெட்டு வாசலில் இறங்குவதற்குள் மனசுக்குள் இரண்டு விரலை நானே எடுத்துவிட்டிருந்தேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. கை இரண்டையும் மடியில் வைத்திருந்தார். நேராகப் போய் அந்தக் கைகளைப் பிடித்து, கத்தரிக்காயில் சொத்தை பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். பழைய தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. "இன்னாம்மே, சாப்ட்டியா?" என்றார். டம்ளரை எடுத்துப் போய் மேனிஃபோல்டில் ஒரு சொட்டு விட்டேன். எவர்சில்வர் தட்டில் விட்ட மாதிரி அப்படியே நின்றது. காருக்குச் சொந்தக்காரர், சென்னைக்காரர், அதுவரைக்கும் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தவர், என்னிடம் வந்து வெடித்தார்:

"ரெண்டு மணி நேரமா வண்டி ஜில்லுனு கெடக்குது மேடம், தொட மாட்டேன்றாரு! கேட்டா, 'எங்க வீட்டம்மா வந்து ஆறிடுச்சுன்னு சொல்லணும்'ன்றாரு. இங்க மெக்கானிக்கு அவரா, நீங்களா?"

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், சூடான கார் பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்படுகிறேன் என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன். இதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, பாருங்கள்.